டிராயிங்கில் இல்லாத வளைவு

என் தம்பி ஒரு கார் வாங்கினான். அந்தப் பணத்துக்கு மூன்று மாடி வீடு கட்டி, மாடிக்கு ஒரு குடித்தனம் வைத்து, உட்கார்ந்த இடத்தில் வாடகை வாங்கலாம். அவன் வாங்கியது இரண்டே பேர் உட்காரக்கூடிய, மூன்றாவது ஆள் வந்தால் மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டிய, முப்பது வருஷத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்.

பழைய கார் வாங்குவதில் எனக்கு ஒன்றும் மனத்தாங்கல் இல்லை. இதே மாடல், இதே வருஷம், நல்ல ஓட்டத்தில், வெளியில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். ஆனால் இது கம்பெனியே தன் தொழிற்சாலையில் வைத்து அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, திரும்பக் கோத்து, 'பிறந்த நாளில் இருந்தபடி' என்று வழவழப்பான தாளில் சான்றிதழ் எழுதிக் கொடுத்த கார். மிச்ச இரண்டு பங்கும் அந்தத் தாளுக்கு. தாளை அவன் காரின் முன்பெட்டியில், இருக்கைக்கு எதிரே இருக்கிற சிறு அறையில், பத்திரமாக வைத்திருந்தான்.

அந்தக் கார் பிறந்த நாளில் நான் பக்கத்தில் இருந்தேன் என்பதுதான் விஷயம். அதே கம்பெனியில், அதே மாடலுக்கு, பதினோரு வருஷம் பிரேக் பைப் பிரிவில் வேலை பார்த்தேன். மாடலை நிறுத்தியபோது எங்களையும் நிறுத்தினார்கள். அதன்பிறகு லாரிக்கும் டிராக்டருக்கும் பிரேக் பைப்பும் ஹோஸும் அடித்துக் கொடுக்கிற கடை வைத்தேன். இருபத்தைந்து வருஷமாக அதுதான் எனக்குச் சோறு.

தம்பி பல் டாக்டர். என் வாயில் நான்கு பல் அவன் கட்டியது. காசு வாங்கவில்லை, அதற்குப் பதிலாகச் சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் என்னைச் சிரிக்கச் சொல்லிக் காட்டுவான். திங்கட்கிழமை சாயங்காலம் காரைக் கொண்டுவந்து என் கடை வாசலில் நிறுத்தி, ஹாரன் அடித்தான். பக்கத்து இருக்கையில் அவன் மகள். போன மாதம்தான் லைசென்ஸ் வாங்கியிருந்தாள்.

"அக்கா, வந்து பாரு. உன் கம்பெனி வண்டி. ஒரிஜினல்."

கையைத் துடைத்துக்கொண்டு போனேன். பொய் சொல்வானேன், பார்த்ததும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அந்தச் சிவப்பு, அந்தக் கதவு வளைவு எல்லாம் அப்படியே இருந்தன. பானட்டைத் திறக்கச் சொன்னேன். உள்ளே கை வைக்கப் பயப்படும்படி சுத்தம். ஒவ்வொரு மூட்டிலும் மஞ்சள் கோடு, கம்பி, கம்பியில் மிளகளவு ஈய சீல். என் கண் பழக்கத்தில் பிரேக் பைப்புக்குத்தான் போனது. பைப் மேலிருந்து கீழே நூல் பிடித்த மாதிரி நேராக, புகைக்குழாயை உரசாத குறையாக இறங்கியது. இடையில் விரல் விட்டுப் பார்த்தேன். ஒரு விரல்தான் போனது.

"பைப் நேரா இருக்குடா."

"நேரா இருந்தா நல்லதுதானே அக்கா? பல்லும் அப்படித்தான்."

"இது பல் இல்லடா, பிரேக். இங்க நாலு விரல் இடைவெளி இருக்கணும். புகைக்குழாய் சூட்டுல இந்தப் பைப்புக்குள்ள இருக்குற ஆயில் கொதிக்கும். கொதிச்சா ஆவியாகும். அப்புறம் பெடலை அமுக்குனா காத்தை அமுக்குற மாதிரி இருக்கும்."

"அக்கா, இது டிராயிங்படி இருக்கு. கம்பெனி டிராயிங்."

டிராயிங்படிதான் இருந்தது. தப்பே அதுதான்.

முப்பத்தாறு வருஷத்துக்கு முன் அந்த மாடல் வந்த முதல் மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் பத்து வண்டியையும் டிராயிங்படி நேரான பைப் போட்டுத்தான் அனுப்பினோம். வண்டிகளை மலைக்கு ஏற்றி இறக்கிப் பார்க்கிற டிரைவர் ஒருவர், இறங்கித் திரும்பி வந்து தொழிற்சாலை வாசலில் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்காமல் காம்பவுண்டுச் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. அவருக்குத் தோள் எலும்பு போயிற்று. எங்கள் மேஸ்திரி, எதைச் சொல்வதற்கு முன்னும் ஒரு தும்மல் போடுவார் என்பதால் தும்மல் மேஸ்திரி என்று பெயர், பைப்பைத் தூக்கிக்கொண்டு மாடியில் இருந்த டிராயிங் ஆபீசுக்குப் போனார். அரை மணி நேரத்தில் முகம் சிவந்து இறங்கி வந்தார். தும்மினார்.

"மேல டிராயிங் சரியாத்தான் இருக்காம். மாத்தணும்னா தப்புன்னு யாராவது கையெழுத்துப் போடணும், அதுக்கு ஆள் இல்லையாம். அதனால டிராயிங் அப்படியே இருக்கட்டும். நீங்க முழங்கால்ல வெச்சு மடக்கிடுங்கம்மா."

நாங்கள் மூன்று பெண்கள். அன்றிலிருந்து வந்த ஒவ்வொரு பைப்பையும் வலது முழங்காலில் வைத்து, நாலு விரல் தள்ளி மடக்கினோம். பதினோரு வருஷத்தில் ஒன்பதாயிரம் பைப். சோதனைக்கு ஆள் வருகிற நாளில் நேரான பைப்பை மேசை மேலே அடுக்குவோம், மடக்கியதை மேசைக்குக் கீழே மறைப்போம். அவர்கள் அளந்து, தலையாட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் முதுகு மறைந்ததும் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். மேல்மாடிக்கே காது குத்திவிட்டோம் என்று பெருமை. எங்கேயும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

அந்த டிராயிங்படி ஒரு வண்டிகூட, அந்தப் பத்தைத் தவிர, வாசலைத் தாண்டியதில்லை. இப்போது கம்பெனி 'பிறந்த நாளில் இருந்தபடி' என்று செய்து விற்பது, பிறக்கவே பிறக்காத ஒரு காரை.

"கழட்டி மடக்கித் தர்றேன். அரை மணி நேர வேலை," என்றேன்.

தம்பி என் கைக்கும் வண்டிக்கும் நடுவில் வந்து நின்றான். "அக்கா, கைய எடு. சீல் அறுந்தா சான்றிதழ் செல்லாது. சான்றிதழ் போனா வண்டி விலை பாதியாயிடும். நான் போட்டது என் கிளினிக்கோட பத்து வருஷ உழைப்பு."

"உயிரு போனா?"

"நீ முழங்கால்ல வெச்சு மடக்குனது சரி, இவ்வளவு பெரிய கம்பெனி கம்ப்யூட்டர்ல பாத்துச் செஞ்சது தப்பா?"

"ஆமாண்டா. தப்பு."

அவன் பல்லைக் காட்டாமல் சிரித்தான். அந்தச் சிரிப்பைச் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். "உன்னை வேலையை விட்டு அனுப்புன கோபம் உனக்கு இன்னும் போகலை. அதுல என் வண்டியைப் போட்டு இழுக்காதே. ஞாயித்துக்கிழமை கம்பெனி நடத்துற மலைப் பயணம் இருக்கு. நாப்பது வண்டி. இவதான் ஓட்டப் போறா."

மகளைப் பார்த்தேன். அவள் ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த மலையில் பதினாறு வளைவு. கோபத்தில் வாய்க்கு வந்தபடி ஏதோ திட்டினேன், தம்பி பானட்டை மூடிவிட்டுக் கிளம்பிப் போனான்.

புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனேன். பழைய கார் பிரிவை எங்கள் பழைய கூடத்திலேயே வைத்திருந்தார்கள். கண்ணாடிச் சுவர், வெள்ளைத் தரை. என் மேசை இருந்த இடத்தில் காபி மெஷின் நின்றது. அந்தப் பிரிவின் பொறுப்பாளர் முப்பத்தைந்து வயதுக்காரர், கையில் வெள்ளைக் கையுறை. அதைக் கழற்றாமலே எனக்குக் கை கொடுத்தார். கையுறைக்காரர் பொறுமையாகக் கேட்டார், அதை மறுக்க மாட்டேன். கேட்டு முடித்ததும் டிராயிங்கை மேசையில் விரித்தார்.

"நீங்க சொல்ற வளைவு இதுல எங்க இருக்கு மேடம்?"

"இருக்காது. அதைத்தானே சொல்றேன்."

"அப்போ ஏதாவது கடிதம், குறிப்பு, ஆதாரம்?"

முழங்காலைத் தட்டிக் காட்டினேன். எலும்புக்குக் கீழே ஒரு பள்ளம் இன்னும் இருக்கிறது. அவர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.

"வண்டிய ஓட்டிப் பாக்குறீங்களா?" என்றேன்.

"ஒவ்வொண்ணும் நூறு கிலோமீட்டர் மேடம். பின்னாடி டிராக்ல."

"அங்க ஏத்தம் இறக்கம் இருக்கா?"

"டிராக் சமதளம்தான்."

அப்போதுதான் சுவரோரம் இருந்த இரும்புத் தொட்டியைப் பார்த்தேன். கழற்றிப் போட்ட சாமான்கள். நாற்பது வண்டியிலிருந்து கழற்றிய பிரேக் பைப்புகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் அதே இடத்தில், அதே அளவில், அதே வளைவு. எங்கள் மூன்று பேர் முழங்கால். ஒன்றைக் கையில் எடுத்தேன். தொட்டியின் மேல் சீட்டு ஒட்டியிருந்தது: 'பழைய உரிமையாளர்கள் செய்த மாற்றங்கள்'.

"நாப்பது வண்டி," என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "நாப்பது பேரு. வேற வேற ஊரு. ஒருத்தர ஒருத்தர் பாத்ததுகூட இல்லை. எல்லாரும் ஒரே இடத்துல, ஒரே மாதிரி மடக்கியிருக்காங்க. உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"வந்துச்சு மேடம். ரொம்பப் பரவலான தப்புன்னு புரிஞ்சுது. அதனாலதான் அதுக்குன்னு தனிக் கட்டணமே வெச்சிருக்கோம். உரிமையாளர் தவறைத் திருத்துதல்னு பில்லுல தனியா வரும்."

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தடுத்த சாவுக்கு இவர்கள் அபராதம் போட்டு வசூலிக்கிறார்கள். என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. காவலாளி வந்து பக்கத்தில் நின்றது நினைவிருக்கிறது. கையுறைக்காரர் கடைசிவரை குரலை உயர்த்தவில்லை. வாசலில் எனக்குக் கம்பெனி சாவிக்கொத்து ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். கையிலிருந்த பைப்பைப் பையில் போட்டுக்கொண்டுதான் வந்தேன். யாரும் கேட்கவில்லை, குப்பைதானே.

தம்பிக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. சனிக்கிழமை காலை வெயில் ஏறுகிற நேரம், சிவப்புக் கார் கடை வாசலில் வந்து நின்றது. மகள் மட்டும் இறங்கினாள்.

"அத்தை, ஒண்ணு கேக்குறேன், நேரா பதில் சொல்லுங்க. நீங்க சொல்றது நிஜமா? இல்ல அப்பா சொல்ற மாதிரி பொறாமையா?"

"ரெண்டும்தான்," என்றேன். "அவ்வளவு பணத்த அந்தக் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் கொட்டுனான்ல, அதுல எனக்கு எரிச்சல் இருக்கு. ஆனா பைப் நிஜம்."

"மலையில என்னாகும்?"

"ஏறும்போது ஒண்ணும் ஆகாது. மேல போய் நிறுத்துவீங்க. காத்து படாம சூடு உள்ளயே நிக்கும், ஆயில் கொதிக்கும். இறங்கும்போது ரெண்டு வளைவு பிடிக்கும். மூணாவதுல பெடல் தரையைத் தொடும்."

அவள் சாவியை என் கையில் வைத்தாள். சீலை அறுத்தேன். குப்பைத் தொட்டியிலிருந்து வந்த பைப்பைத் துடைத்து, ஊதி, முனைகளைச் சரிபார்த்து மாட்டினேன். அவள் பெடலில் கால் வைத்து உட்கார்ந்தாள். "அமுக்கு. பிடி. விடு." காற்றுக் குமிழ் தீரும்வரை ஆயிலை இறக்கினோம். பெடல் கல்லாக நின்றது. விரல் வைத்துப் பார்த்தேன், நாலு விரல் தாராளமாகப் போனது. அன்று மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நிம்மதி மறுநாள் காலை ஏழரை மணிவரைதான். மலையடிவாரத்து மைதானத்தில் நாற்பது கார்கள் வரிசையாக நின்றன. என் கடை வேனை ஓரமாக நிறுத்தினேன். கையுறைக்காரர் சின்ன டார்ச்சோடு ஒவ்வொரு வண்டியின் சீலையும் பார்த்துக்கொண்டு வந்தார். தம்பியின் வண்டியில் நின்றார்.

"டாக்டர், பிரேக் பைப் சீல் அறுந்திருக்கு. பைப்பையே மாத்தியிருக்காங்க."

"நான்தாம்பா அத்தைகிட்ட வண்டியக் குடுத்தேன்," என்றாள் மகள்.

தம்பி அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். சுற்றிலும் பெரிய மனிதர்கள், அவனிடம் பல் பார்த்துக்கொள்கிறவர்கள் சிலர். அவன் காது மடல் சிவந்தது. "உனக்கு நான் கொஞ்சம் மேல போனாலே பொறுக்காது இல்ல அக்கா? எப்பவும் இழுத்துக் கீழ போட்டாத்தான் தூக்கம் வரும்."

கையுறைக்காரர் சமாதானமாகச் சொன்னார். "பரவாயில்ல டாக்டர். எங்ககிட்ட ஒரிஜினல் பைப் இருக்கு. இருபது நிமிஷத்துல மாட்டிப் புது சீல் போட்டுடலாம். இந்த ஒரு தடவை சான்றிதழுக்குப் பாதிப்பில்லாம பாத்துக்குறேன்."

"வேண்டாண்டா," என்றேன். "உன் கால்ல விழுறேன், வேண்டாம்."

தம்பி தலையை மட்டும் அசைத்தான், என் பக்கம் இல்லை, அவர் பக்கம். என் கண் முன்னால் என் பைப்பைக் கழற்றித் தரையில் போட்டார்கள். நேரான பைப்பை மாட்டினார்கள். புது சீல் மின்னியது. கழற்றிய பைப்பைக் குனிந்து எடுத்து வேனில் போட்டேன்.

"சரி," என்றேன். "நீ ஓட்டு. அவ ஏறக் கூடாது."

"அவளுக்குன்னுதானே..."

"அவ ஏறுனா வண்டிக்கு முன்னால படுத்துடுவேன். உன் பேஷன்ட் எல்லாரும் வேடிக்கை பாக்கட்டும். பக்கத்து சீட்டுல நான் வர்றேன்."

நான் படுத்துவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். கதவை ஓங்கித் திறந்தான். மகளிடம் வேன் சாவியைக் கொடுத்துப் பின்னால் வரச் சொன்னேன்.

மேலே போகிறவரை வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. உச்சியில் எல்லா வண்டியும் நின்றன. கையுறைக்காரர் ஒரு மேடையில் ஏறி, உண்மைத்தன்மைக்கு விலை உண்டு, அந்த விலை வருஷா வருஷம் ஏறும் என்று இருபது நிமிஷம் பேசினார். நான் பானட்டில் கை வைத்தேன். சுட்டது. "திறந்து வைடா, கொஞ்சம் ஆறட்டும்," என்றேன். "போட்டோ எடுக்குறாங்க, மூடியே இருக்கட்டும்," என்றான். பேச்சு முடிந்ததும் கையுறைக்காரர் எங்களிடம் வந்து சிரித்தார்.

"டாக்டர், நீங்களே முதல் வண்டியா போங்க. மேடத்துக்கும் நம்பிக்கை வரட்டும்."

முதல் வளைவில் வண்டி நின்று திரும்பியது. தம்பி என்னை ஓரக்கண்ணால் பார்த்தான். இரண்டாவது வளைவில் திரும்பியபின் அவன் முகம் மாறியது. "பெடல் கொஞ்சம் கீழ போகுது அக்கா," என்றான், ஏதோ நான் செய்துவிட்டதைப் போல. மூன்றாவது வளைவு கண்ணுக்குத் தெரிந்தது. இடது பக்கம் பாறை, வலது பக்கம் முழங்கால் உயரச் சுவர், அதற்கப்பால் ஒன்றுமில்லை. அவன் மிதித்தான். மறுபடி மிதித்தான்.

"அக்கா!"

"கியரைக் குறை! மலைப் பக்கம் திருப்பு! மலைப் பக்கம்டா!"

கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அதற்குப் பைப் கிடையாது, வெறும் கம்பி. பின்சக்கரம் கத்தியது. வண்டி என் பக்கத்துப் பாறையில் உரசிக்கொண்டே போனது. கண்ணாடி பறந்தது, கதவுக் கைப்பிடி பறந்தது, என் முழங்கையில் தோல் கிழிந்தது. சுவருக்கு நாலடி இருக்கும்போது வண்டி நின்றது.

தம்பியின் கால் இன்னும் பெடலை அமுக்கிக்கொண்டே இருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. குனிந்து கையால் அவன் காலைத் தூக்கி எடுத்துவிட்டேன்.

"அவ ஓட்டியிருந்தா," என்றான். கதவைத் திறந்து சாலையோரம் போய் வாந்தி எடுத்தான்.

முன்பெட்டி தானாகத் திறந்து கிடந்தது. கைக்குக் கிடைத்த தாளை எடுத்து முழங்கையில் வைத்து அழுத்தினேன். சான்றிதழ். அவ்வளவு வழவழப்பான தாள், ரத்தத்தைக்கூட உறிஞ்சவில்லை. தூக்கிப் போட்டேன்.

வரிசையெல்லாம் பார்க்காமல் எங்களுக்குப் பின்னாலேயே வேனை எடுத்துவிட்ட மகள் ஓடி வந்தாள். அப்பாவின் முகத்தைத் தொட்டாள், என் கையைப் பார்த்தாள், வேனிலிருந்து துணி எடுத்துவந்து கட்டினாள். அடுத்து கையுறைக்காரர் கம்பெனியின் சொந்த வண்டியில் இறங்கி வந்தார். முதல் கியரில், நத்தையாக. நிறுத்துவதற்கு அவர் வண்டியின் மூக்கு மூன்று தடவை குனிந்து எழுந்தது. மூன்று தடவை மிதித்திருக்கிறார். முகத்தில் ரத்தம் இல்லை.

ஆனாலும் வந்தவர் எங்களைப் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பானட்டைத் திறந்து, டார்ச்சை அடித்து, சீலைப் பார்த்தார். அது அறுந்திருக்க வேண்டும் என்று அந்த மனிதர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது அவர் முதுகிலேயே தெரிந்தது.

தம்பி வாயைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றான். "நல்லாப் பாருங்க. அறுந்திருக்கா?"

"இல்ல டாக்டர்."

"யாரு போட்ட சீல்?"

கையுறைக்காரர் டார்ச்சை அணைத்தார்.

"யாரு மாட்டின பைப்?"

"டிராயிங்படி..."

"வாயைத் திறந்து சொல்லுங்க!" இருபத்தைந்து வருஷமாக எல்லோரிடமும் பஞ்சு மாதிரிச் சொல்கிற சொல்லை அன்றுதான் அவன் மலை அதிரக் கத்தினான். "யாரு மாட்டினது?"

"நாங்கதான்."

"போன் பண்ணுங்க. மேல நிக்குற ஒரு வண்டியும் இறங்கக் கூடாது."

"டாக்டர், நான் மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

தம்பி நடுச்சாலைக்குப் போனான். மேலே இருந்து வருகிற வழியை மறித்து, இரண்டு கையையும் விரித்து நின்றான். விலை உயர்ந்த சட்டையில் வாந்திக் கறை. மேல் வளைவில் ஒரு ஹாரன் கேட்டது. கையுறைக்காரர் அப்போதுதான் போனை எடுத்தார். இறங்கத் தொடங்கியிருந்த ஒரு வண்டியும் முதல் வளைவிலேயே நின்றுவிட்டது.

என் முறை வந்தது. "டிராயிங் வெச்சிருக்கீங்களா?"

அவர் வண்டியிலிருந்த கோப்பில் ஒரு நகல் இருந்தது. சிதைந்துபோன எங்கள் காரின் பானட்டை மூடி, அதன் மேலேயே அதை விரிக்கச் சொன்னேன்.

"பேனாவ எடுங்க. இந்த இடத்துல வளைவு போடுங்க."

"எவ்வளவு மேடம்?"

"நாலு விரல்."

"மில்லிமீட்டர்ல..."

வேனிலிருந்து ஒரு புதுப் பைப்பை எடுத்துவந்தேன். வலது காலைச் சாலையோரக் கல்லில் வைத்து, முழங்காலில் பைப்பை வைத்து மடக்கினேன். இருபத்தைந்து வருஷமாகியும் கை மறக்கவில்லை. "அளந்துக்கோங்க," என்று நீட்டினேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு அளந்தார். எழுதினார்.

"திருத்தியவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு மேடம்."

தும்மல் மேஸ்திரியின் முழுப் பெயரைச் சொன்னேன். அவர் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தைய தேதியைப் போடச் சொன்னேன். அதற்குக் கீழே எங்கள் மூன்று பேர் பெயரையும் எழுத வைத்தேன். நான் கையெழுத்துப் போடும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. அன்றைக்கே இதை எழுதாமல் மேசைக்குக் கீழே ஒளித்து வைத்துச் சிரித்தோமே என்று என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரம் அது. டிராயிங்காரன் திருத்தவில்லை, சரி. நாங்கள் ஏன் எழுதவில்லை?

கையுறைக்காரர் கோப்பை மூடினார். தம்பி என்னிடம் கையை நீட்டினான்.

"அக்கா, உன் வேன்ல இருக்குற கம்பி வெட்டுற கட்டரைக் குடு."

கொடுத்தேன். அவன் பானட்டைத் திறந்து உள்ளே குனிந்தான்.

"டாக்டர்," என்றார் கையுறைக்காரர், பழக்க தோஷத்தில். "இப்போ அறுத்தா சான்றிதழ் செல்லாது. எங்க பொறுப்புல கொண்டுபோய், முழுசா செஞ்சு, நீங்க குடுத்த விலை குறையாம..."

தம்பி சீலை அறுத்தான். ஒரே கடி. பிறகு அடுத்த மூட்டிலிருந்த சீலையும் அறுத்தான், அதற்கடுத்ததையும். பிரேக்குக்குச் சம்பந்தமே இல்லாத சீல்களையும் விடவில்லை. நானும் தடுக்கவில்லை.

காலையில் கழற்றிப் போட்ட என் பழைய பைப்பை மாட்டினேன். மகள் பெடலில் கால் வைத்து உட்கார்ந்தாள். அமுக்கு, பிடி, விடு. தம்பி தரையில் மண்டியிட்டு ஆயில் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் எழுந்து, ஓட்டுநர் இருக்கைப் பக்கம் போகாமல், கைப்பிடி இல்லாத பக்கம் போய் நின்றான். மகள் உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டாள்.

அன்று அந்த மலையிலிருந்து முப்பத்தொன்பது வண்டிகள் லாரியில் ஏறித்தான் இறங்கின. கம்பெனி வண்டியும் அதில் சேர்த்தி. தன் சக்கரத்தில் இறங்கியது ஒன்றே ஒன்று, ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்து, சான்றிதழ் இல்லாமல். வேனில் நான் பின்னால் போனேன். மிச்சம் பதின்மூன்று வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா, வண்டி அடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே, அந்தக் கம்பெனியை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே இறங்கினேன்.